சீட் எல்லாம் நிரம்பியும் விமான நிறுவனம் ஏன் மூடப்படுகிறது?

தேடல்_மாணவன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். முதுநிலை வணிகவியலுக்காக விமானப் போக்குவரத்துத் தொழிலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் வருவாய், செலவு என்று பொதுவாகத்தான் இருக்கிறது. உள்ளே எப்படி ஓடுகிறது என்பது பிடிபடவில்லை. மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும்.

முதலாவது: சென்னை–மும்பை ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் ஒருவர் 4,200 ரூபாய்க்கும் இன்னொருவர் 11,000 ரூபாய்க்கும் வருகிறார்கள். இதை யார், எந்தக் கணக்கில் முடிவு செய்கிறார்கள்?

இரண்டாவது: கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019-ல், கோ ஃபர்ஸ்ட் 2023-ல். மூன்றிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. பிறகு பணம் எங்கே போகிறது?

மூன்றாவது: நிறுவனங்களில் பல, விமானத்தைச் சொந்தமாக வாங்குவதே இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் அவர்கள் கையில் இருப்பது என்ன?

துறையில் இருப்பவர்கள் எண்களோடு சொன்னால் பெரிய உதவி.

பேரேடு எழுதியது:

தம்பி, முதலில் ஓர் அளவுகோலைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் விற்கும் சரக்கு டிக்கெட் அல்ல, சீட்-கிலோமீட்டர். ஒரு சீட்டை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோனால் ஒரு சீட்-கிலோமீட்டர். அதில் ஆள் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான்.

186 சீட் உள்ள ஏர்பஸ் ஏ320நியோ விமானம், சென்னை–மும்பை, தூரம் சுமார் 1,030 கிலோமீட்டர். பெருக்கினால் 1,91,580 சீட்-கிலோமீட்டர். ஒரு சீட்-கிலோமீட்டருக்கு எல்லாச் செலவும் சேர்த்து 4 ரூபாய் 50 காசு என்று வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக எடுத்த எண்தான், ஆனால் நிஜத்துக்குத் தூரமில்லை. ஒரு பக்கப் பயணத்தின் செலவு 8,62,110 ரூபாய்.

சராசரியாக 85 சதவீதம் நிரம்புகிறது என்றால் 158 பயணிகள். வரி, விமான நிலையக் கட்டணம் எல்லாம் போக நிறுவனத்தின் கையில் ஒரு பயணிக்குச் சராசரி 5,600 ரூபாய் நிற்கிறது என்றால் வரவு 8,84,800. மிச்சம் 22,690 ரூபாய். இப்போது அந்த 158 பேரில் 4 பேர் வரவில்லை என்று வையுங்கள். 154 பேர், வரவு 8,62,400. மிச்சம் 290 ரூபாய். அதாவது முழு விமானத்தின் லாபமும் கடைசி நான்கு சீட்டில் இருக்கிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலில் பாதி இதுதான். உலக அளவில் நல்ல ஆண்டுகளிலேயே ஒரு பயணிக்கு நிகர லாபம் சுமார் 7 டாலர் என்று விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐஏடிஏ கணக்குச் சொல்கிறது.

பணம் போகும் இடங்களில் முதலிடம் எரிபொருளுக்கு. இந்தியாவில் மொத்தச் செலவில் 35 முதல் 40 சதவீதம் வரை ஏடிஎஃப் எனப்படும் விமான எரிபொருள் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எண்ணெய் நிறுவனங்கள் விலையை மாற்றுகின்றன. ஏடிஎஃப் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மத்திய கலால் வரி 11 சதவீதம், அதற்கு மேல் மாநில வாட். வாட் சில மாநிலங்களில் 1 சதவீதம், சிலவற்றில் 25-ஐத் தாண்டும். ஜிஎஸ்டிக்குள் இல்லாததால் அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழிக்கவும் முடியாது. அடுத்த பெரிய செலவுகள் விமானக் குத்தகை, பராமரிப்பு, ஊழியர் சம்பளம், விமான நிலைய மற்றும் வான்வழிக் கட்டணங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றைக் கட்டுரையில் தவறாமல் சேருங்கள். வரவு ரூபாயில், செலவில் பாதிக்கு மேல் டாலரில். குத்தகை, இன்ஜின் பழுதுபார்ப்பு, உதிரி பாகம் எல்லாம் டாலர். எரிபொருள் விலையும் டாலரை ஒட்டியே ஏறி இறங்கும். ரூபாய் 5 சதவீதம் சரிந்தால், மேலே சொன்ன 22,690 ரூபாய் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். டிக்கெட்டில் ஒரு பகுதி ஏற்கெனவே பழைய விலைக்கு விற்றிருக்கும்.

கட்டண_ஏணி எழுதியது:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். ஒரு விமானத்துக்கு ஒரே விலை என்று எப்போதும் இருப்பதில்லை. பத்துப் பதினைந்து விலைப்படிகள் கொண்ட ஓர் ஏணி இருக்கும். ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆங்கில எழுத்துப் பெயர், அதைத்தான் பக்கெட் என்கிறோம். கீழ்ப்படி 3,400, அடுத்தது 3,900, அடுத்தது 4,500 என்று மேலே 15,000 வரை போகும். எந்தப் படியில் எத்தனை சீட் திறந்திருக்க வேண்டும் என்பதை ரெவன்யூ மேனேஜ்மென்ட் மென்பொருள் சொல்லும். அந்த வழித்தடத்தைப் பார்க்கும் அனலிஸ்ட் முகூர்த்த நாள், பொங்கல், தேர்வு விடுமுறை, கிரிக்கெட் ஆட்டம் போன்றவற்றைப் பார்த்துக் கையால் திருத்துவார்.

அடிப்படைக் கணக்கு எளியது. 1972-ல் பிரிட்டனின் பிஓஏசி விமான நிறுவனத்தில் இருந்த லிட்டில்வுட் சொன்ன விதி. கையில் ஒரு சீட் இருக்கிறது. இப்போது 4,000 ரூபாய்க்கு ஒருவர் கேட்கிறார். கடைசி நேரத்தில் 10,000 கொடுத்து வாங்க ஒருவர் வர வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பு 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால், இப்போது கேட்பவருக்குக் கொடுக்கக் கூடாது. 40-க்குக் கீழே என்றால் கொடுத்துவிட வேண்டும். 4,000-ஐ 10,000-ஆல் வகுத்ததுதான் அந்த 40. மீதி எல்லாம் இந்த விதியின் பெருக்கம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985-ல் இதைப் பெரிய அளவில் கையாண்டுதான் மலிவுக் கட்டண நிறுவனமான பீப்பிள் எக்ஸ்பிரஸை எதிர்கொண்டது. சீட்டில் ஒரு பகுதியை அவர்களோடு போட்டியிடும் மலிவு விலைக்கு விற்றது, மீதியை அவசரப் பயணிக்காக வைத்துக்கொண்டது. பீப்பிள் எக்ஸ்பிரஸிடம் சீட்டைப் பிரித்து விற்கும் கணினி வசதி இல்லை.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு புக்கிங் வளைகோடு உண்டு. புறப்பட 30 நாள் முன்பு இத்தனை, 15 நாள் முன்பு இத்தனை, 3 நாள் முன்பு இத்தனை விற்றிருக்க வேண்டும் என்று பழைய பயணங்களிலிருந்து எடுத்த கோடு. விற்பனை கோட்டுக்கு மேலே போனால் கீழ்ப்படிகள் மூடப்படும், கீழே போனால் மீண்டும் திறக்கும். அதனால்தான் நேற்று 6,000 காட்டிய டிக்கெட் இன்று 4,800 காட்டுகிறது.

எங்கே தவறு நடக்கிறது என்றால், பெரும்பாலும் குழுப் பதிவில். 40 பேர் கொண்ட ஒரு குழுவை மூன்று மாதம் முன்பு மலிவாக ஏற்றுக்கொண்டால் மென்பொருள் "தேவை கூடிவிட்டது" என்று கீழ்ப்படிகளை மூடிவிடும். கடைசி வாரத்தில் அந்தக் குழுவில் 25 பேர் விலகினால் சீட் கையில் தங்கிவிடும். அதனால்தான் குழுப் பதிவுக்கு முன்பணமும் பெயர்ப் பட்டியலுக்குக் கெடுவும் வைக்கிறார்கள்.

பயணிகள் கவனிக்க வேண்டியது ஒன்று. நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது கீழ்ப்படியில் இரண்டே சீட் இருந்தால், பல தளங்கள் நால்வருக்கும் அடுத்த படியின் விலையைக் காட்டும். ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள். விலை குறைந்தால் இரண்டு இரண்டாகப் பதிவு செய்யலாம். ஒரே கணினியில் திரும்பத் திரும்பத் தேடினால் விலை ஏறும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது, அது ஏணியின் வேலை அல்ல. இடையில் வேறு யாரோ வாங்கியதில் ஒரு படி தீர்ந்திருக்கும், அல்லது தளம் பழைய விலையைக் காட்டிக்கொண்டிருந்திருக்கும்.

குத்தகைக்காரர் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நிறுவனத்தின் கையில் இருப்பது பறக்கும் உரிமம், ஸ்லாட் (விமான நிலையத்தில் இறங்கவும் கிளம்பவும் ஒதுக்கிய நேரம்), பணியாளர், பிராண்ட், முன்பதிவுப் பணம். விமானம் பெரும்பாலும் அயர்லாந்திலோ வேறெங்கோ உள்ள குத்தகை நிறுவனத்துடையது.

விற்றுவிட்டு அதையே வாடகைக்கு எடுக்கும் குத்தகை எப்படி நடக்கிறது என்று படிப்படியாகப் பாருங்கள். நிறுவனம் ஏர்பஸ்ஸிடமோ போயிங்கிடமோ மொத்தமாக ஆர்டர் கொடுக்கிறது. இண்டிகோ 2023 ஜூனில் ஒரே நாளில் 500 விமானம் ஆர்டர் செய்தது. அந்த எண்ணிக்கைக்குப் பெரிய தள்ளுபடி கிடைக்கும். விமானம் கைக்கு வருவதற்கு முன்பே தவணையாக முன்பணம் கட்டத் தொடங்க வேண்டும். விமானம் வரும் நாளில் அதைக் குத்தகை நிறுவனத்துக்கு விற்றுவிட்டு அதே விமானத்தை மாத வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். உதாரணத்துக்கு 5 கோடி டாலருக்கு வாங்கியதை ஐந்தரைக்கு விற்றால் 50 லட்சம் டாலர் உடனே கையில் வரும். புது ஏ320நியோவின் வாடகை சந்தையைப் பொறுத்து மாதம் 3.5 முதல் 4 லட்சம் டாலர் அளவில் இருக்கும்.

இதன் ஆபத்து எங்கே என்றால், அந்த 50 லட்சம் லாபம் அல்ல. கூடுதலாக விற்ற விலையை வாடகையில் ஏற்றித்தான் குத்தகைக்காரர் திரும்ப எடுப்பார். புது விமானம் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் பழைய வாடகையைப் புதுப் பணத்தில் கட்டலாம். வரத்து நின்ற மாதம் உண்மை நிலை தெரிந்துவிடும்.

வாடகை தவிர மூன்று செலவுகள் உண்டு. சில மாத வாடகைக்கு ஈடான வைப்புத்தொகை. ஒவ்வொரு பறப்பு மணிக்கும் இன்ஜின், சக்கர அமைப்பு, விமானத்தின் உடற்பகுதி ஆகியவற்றின் பராமரிப்புக்கென்று தனித்தனியாகக் கட்டும் பராமரிப்பு இருப்பு. கடைசியாகத் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை. புதியவர்கள் அடிபடுவது இந்தக் கடைசி இடத்தில்தான். இன்ஜினுக்குள் இருக்கும் ஆயுள் வரம்புள்ள ஒவ்வொரு பாகத்துக்கும் அது தயாரான நாளிலிருந்து இன்றுவரை ஆவணம் வேண்டும். ஓர் ஏடு காணவில்லை என்றால் நல்ல நிலையில் இருக்கும் டிஸ்க்கூட (இன்ஜினுக்குள் சுழலும் வட்டு) மதிப்பிழந்துபோகும். விமானத்தைத் திருப்பிக் கொடுக்க மூன்று மாதம் தாமதமானால் பறக்காத விமானத்துக்கு மூன்று மாத வாடகை.

நிறுவனம் வாடகை கட்டாவிட்டால் என்ன ஆகும்? 2001-ல் கையெழுத்தான கேப் டவுன் ஒப்பந்தத்தில் இந்தியா 2008-ல் சேர்ந்தது. குத்தகை தொடங்கும்போதே ஐடெரா என்ற அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிவிடுவார்கள். அதைக் காட்டினால் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 5 வேலை நாளில் விமானத்தின் இந்தியப் பதிவை நீக்க வேண்டும். 2023 மே 2-ம் தேதி கோ ஃபர்ஸ்ட் தானாகவே திவால் சட்டத்துக்குள் போனபோது அந்தச் சட்டத்தின் தடையாணை குறுக்கே நின்றது. குத்தகைக்காரர்களால் விமானத்தைத் தொட முடியவில்லை. 2023 அக்டோபரில் விமானங்களுக்கு அந்தத் தடையாணை பொருந்தாது என்று மத்திய அரசு அறிவித்தது. 2024 ஏப்ரலில்தான் டெல்லி உயர் நீதிமன்றம் பதிவை நீக்க உத்தரவிட்டது. ஏறக்குறைய ஓராண்டு அந்த விமானங்கள் வெயிலில் நின்றன. அந்த நம்பிக்கைக் குறைவு மற்ற இந்திய நிறுவனங்களின் வாடகைப் பேச்சிலும் எதிரொலித்தது. இதற்கென்றே 2025-ல் விமானப் பொருள்களில் உள்ள உரிமையைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வந்தது.

தேடல்_மாணவன்:

மிக்க நன்றி ஐயா. கோ ஃபர்ஸ்ட் தன் மனுவில் இன்ஜின் பழுதைத்தான் காரணமாகச் சொன்னது. அது சாக்கா, உண்மையா? ஓர் இன்ஜின் பழுதானால் வேறொன்றை மாட்டிவிட முடியாதா?

ஸ்பானர்72 எழுதியது:

பழுது உண்மை. அதை மட்டுமே காரணமாகச் சொல்வது சரியா என்பது வேறு கேள்வி, ஏனென்றால் இண்டிகோவிடமும் அதே இன்ஜின்தான் இருந்தது.

பிராட் அண்ட் விட்னி பிடபிள்யூ1100ஜி என்பது முன்விசிறிக்கும் டர்பைனுக்கும் நடுவே கியர்பெட்டி வைத்த இன்ஜின். எரிபொருள் மிச்சம் நிஜம். ஆனால் 2016-லிருந்தே சிக்கல் மேல் சிக்கல். 2019-ல் மூன்றாம் நிலை லோ பிரஷர் டர்பைன் பிளேடுகளை மாற்றச் சொல்லி டிஜிசிஏ கெடு வைத்தது. 2023 ஜூலையில் இன்னும் பெரியது வந்தது. 2015 கடைசியிலிருந்து 2021 வரை செய்த டர்பைன், கம்ப்ரசர் டிஸ்க்குகளின் உலோகத்தூளில் மாசு கலந்திருந்தது தெரிந்தது. டிஸ்க்கில் விரிசல் வளர்ந்தால் அது உடைந்து இன்ஜின் உறையையே கிழிக்கும், எனவே கழற்றிச் சோதிப்பதைத் தவிர வழியில்லை. ஓர் இன்ஜின் பட்டறைக்குப் போய்த் திரும்ப 250 முதல் 300 நாள் ஆகும் என்று தயாரிப்பாளரே சொன்னார். கோ ஃபர்ஸ்ட் அதற்கு முன்பே 54 விமானத்தில் ஏறக்குறைய பாதியை நிறுத்தியிருந்தது.

வேறு இன்ஜின் மாட்டலாமே என்றால், இறக்கையின் கீழ் இன்ஜினை மாற்றுவது ஒன்றிரண்டு நாள் வேலைதான். மாற்று இன்ஜின் கையில் இருக்க வேண்டும், அவ்வளவே. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்பட்டால் கிடைக்காது. ஏ320நியோவுக்கு சிஎஃப்எம் லீப் என்ற இன்னோர் இன்ஜினும் உண்டு. ஆனால் ஒரு வகைக்காகப் பைலான் (இன்ஜினை இறக்கையில் தாங்கும் அமைப்பு), வயரிங், மென்பொருள் எல்லாம் அமைந்த விமானத்தில் மற்ற வகையை அப்படியே தொங்கவிட முடியாது.

அன்றாடப் பழுது வேறு ரகம். எல்லாம் சரியாக இருந்தால்தான் பறக்கலாம் என்ற விதி இல்லை. எம்இஎல் என்ற பட்டியல் இருக்கிறது: எது வேலை செய்யாமல் பறக்கலாம், எத்தனை நாள், என்ன நிபந்தனையோடு என்று. பி வகைப் பழுதை 3 நாளில் சரிசெய்ய வேண்டும், சி வகையை 10 நாளில், டி வகையை 120 நாளில். உதாரணமாக வாலில் இருக்கும் சிறு இன்ஜினான ஏபியூ வேலை செய்யாவிட்டாலும் பறக்கலாம். ஆனால் போகும் ஊரில் தரை மின்சாரமும் இன்ஜினைச் சுற்றவைக்கும் காற்று வண்டியும் இருக்க வேண்டும். சிறிய ஊரில் அந்தக் காற்று வண்டி இல்லையென்றால் அந்த விமானத்தை அங்கே அனுப்ப முடியாது, வேறு வழித்தடத்துக்கு மாற்ற வேண்டும். "தொழில்நுட்பக் காரணத்தால் தாமதம்" என்ற அறிவிப்புக்குப் பின்னால் பல நேரம் இந்த மாற்றல் வேலைதான் நடக்கிறது. பட்டியலில் இல்லாத பழுது என்றால் ஏஓஜி, அதாவது விமானம் தரையிலேயே நிற்கும். விமானம் நின்ற இடத்துக்குப் பாகம் அடுத்த விமானத்தில் போகும்.

6 ஆண்டு, 12 ஆண்டு சோதனைகளுக்கு விமானத்தை வாரக்கணக்கில் ஹேங்கரில் நிறுத்த வேண்டும். 12 ஆண்டுச் சோதனைக்கு முன்பே விமானத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் 6 அல்லது 8 ஆண்டுக் குத்தகைக்குப் பின்னால் உள்ள முக்கியமான கணக்கு. பெரிய செலவு வரும் வயதை விமானம் எட்டும்போது அது வேறொருவர் கையில் இருக்கும்.

சோக்ஸ்_ஆன் எழுதியது:

மேலே எல்லாரும் பெரிய கணக்கைச் சொல்லிட்டாங்க. தரையில நடக்கிறதைச் சொல்றேன், ஏன்னா விமானம் பணம் சம்பாதிக்கிறது பறக்கும்போது மட்டும்தான். மலிவுக் கட்டண நிறுவனம் ஒரு ஏ320-ஐ நாளுக்கு 12, 13 மணி நேரம் பறக்கவைக்கப் பார்க்கும். நாளுக்கு ஆறு பயணம்னா அஞ்சு தடவை தரையில திருப்பணும். ஒவ்வொண்ணுலயும் 15 நிமிஷம் மிச்சம் பிடிச்சா 75 நிமிஷம், ஏறக்குறைய ஒரு குட்டிப் பயணத்துக்கான நேரம்.

30 நிமிஷத் திருப்பல் இப்படிப் போகும். சக்கரத்துக்குக் கட்டை வச்சு, தரை மின்சாரம் கொடுத்து, இன்ஜின் நின்னதும் முன்கதவும் பின்கதவும் திறக்கணும். ரெண்டு கதவும் கிடைச்சா 180 பேர் இறங்க 6, 7 நிமிஷம். ஏரோபிரிட்ஜ் ஒரு கதவு மட்டும்னா 10-ஐத் தாண்டும். அதனாலதான் பல நிறுவனம் பஸ்ஸையும் சாய்தளத்தையும் விரும்புது. கேபின் குழுவே சுத்தம் பண்ணிடும், 4, 5 நிமிஷம். ஏத்துறதுக்கு 12 முதல் 15 நிமிஷம். இந்த மூணும்தான் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரிசையில வர்ற வேலை. எரிபொருள், பெட்டி, தண்ணி எல்லாம் பக்கவாட்டுல நடக்கும்.

கெட்டுப்போற இடங்கள்: பெட்டியைச் செக்-இன்ல போட்ட பயணி கேட்டுக்கு வரலைன்னா அவர் பெட்டியை இறக்கியே ஆகணும், பாதுகாப்பு விதி. ஏ320-ல இந்தியாவுல பெரும்பாலும் பெட்டியைக் கையாலதான் அடுக்குறாங்க. எந்தப் பெட்டி எந்த அறையிலன்னு குறிச்சு வச்சிருந்தா 5 நிமிஷம், குறிக்கலைன்னா 20. சக்கர நாற்காலி கேட்டவங்க 15 பேர் ஒரே விமானத்துல வந்தா அவங்களைத் தூக்கி ஏத்துற ஆம்புலிஃப்ட் வண்டி ஒண்ணுதான் இருக்கும். பலருக்குத் தெரியாத இன்னொண்ணு பிரேக் சூடு. ஏ320-ல பிரேக் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல இருந்தா கிளம்பக்கூடாது. வெயில் காலத்துல, சின்ன ஓடுதளத்துல அழுத்திப் பிரேக் போட்டு இறங்கிட்டு 25 நிமிஷத்துல திரும்பணும்னா, ஆள் எல்லாம் ஏறி உட்கார்ந்தப்புறமும் பிரேக் ஆறுற வரைக்கும் காத்திருக்கணும்.

எரிபொருள் எவ்வளவுங்கிறதை, தரையில இருந்து பயணத்தைத் திட்டமிடுற டிஸ்பாச்சர் கணக்குப் போட்டுக் கொடுப்பார், கேப்டன் முடிவு பண்ணுவார். சென்னை–மும்பைக்குத் தோராயமா: தரையில ஓட கால் டன்னுக்குள்ள, பயணத்துக்கு மூணேகால் டன், அதுல 5 சதவீதம் எதிர்பாராததுக்கு, மும்பையில இறங்க முடியலைன்னா அகமதாபாத் மாதிரி மாற்று நிலையத்துக்குப் போக ரெண்டு டன்னுக்குள்ள, கடைசியா 30 நிமிஷம் வட்டமடிக்க ஒரு டன்னுக்குச் சற்று மேல. மொத்தம் ஆறரை முதல் ஏழு டன்.

பேரேடு ஐயா சொன்ன வாட் வித்தியாசம் இங்கதான் வேலை செய்யுது. எரிபொருள் மலிவா கிடைக்கிற ஊர்லேயே திரும்பி வர்றதுக்கும் சேர்த்து நிரப்பிக்கிறதை டேங்கரிங்ன்னு சொல்வோம். கூடுதல் எடையைத் தூக்குறதுக்கே மணிக்கு அந்த எடையில 3 சதவீதம்போல எரியும். ரெண்டு மணி நேரப் பயணத்துல 1,000 கிலோ கூடுதலா எடுத்துப் போனா போய்ச் சேரும்போது 940 கிலோதான் மிஞ்சும். அதனால போற ஊர்ல விலை 6.5 சதவீதத்துக்கு மேல கூடுதலா இருந்தாத்தான் லாபம். மழைக்காலத்துல ஈரமான குட்டை ஓடுதளத்துல கனமா இறங்குறது நல்லதில்லைங்கிறதால அப்போ டேங்கரிங்கை விட்டுடுவாங்க. ஏ320நியோ 67.4 டன்னுக்கு மேல எடையோட இறங்கவும் கூடாது.

ரோஸ்டர்_மேசை எழுதியது:

பேரேடு சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். 4 ரூபாய் 50 காசை எல்லா வழித்தடத்துக்கும் போட்டால் கட்டுரை தவறாகிவிடும். தரையிறங்கும் கட்டணம், தரைப்பணி, மேலேறும்போது எரியும் கூடுதல் எரிபொருள் எல்லாம் தூரம் குறைந்தாலும் குறையாது. அதனால் சென்னை–டெல்லியில் ஒரு சீட்-கிலோமீட்டர் செலவு குறையும், சென்னை–திருச்சியில் கூடும்.

குட்டை வழித்தடங்களுக்கு ஏடிஆர் 72 என்ற சிறிய விமானம் வருவது அதனால்தான். சென்னையிலிருந்து தூத்துக்குடி, சேலம் போகிற அந்த விமானத்தில் 78 சீட். ஏன் 78? 80-க்குக் குறைவான சீட் உள்ள உள்நாட்டு விமானங்களுக்கு விமான நிலைய ஆணையத்தின் நிலையங்களில் தரையிறங்கும் கட்டணம் கிடையாது. கேபின் பணியாளர் 50 சீட்டுக்கு ஒருவர் என்பது டிஜிசிஏ விதி, எனவே 78-க்கு இருவர் போதும். 186 சீட் ஏ320-க்கு நால்வர், 232 சீட் ஏ321-க்கு ஐவர். சீட் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது கால் நீட்டும் இடம் மட்டுமல்ல.

ஆள் கணக்கு: ஒரு விமானம் நாளுக்கு 12.5 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 4,560 மணி சொச்சம். ஒரு விமானி சட்டப்படி ஆண்டுக்கு 1,000 மணி பறக்கலாம். விடுப்பு, பயிற்சி, காத்திருப்பு எல்லாம் போக 750 கிடைத்தால் அதிகம். ஆக ஒரு விமானத்துக்கு ஆறு ஜோடி, 12 விமானிகள். ஓய்வு விதி இறுகினால் இந்த எண் ஏறும். வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது, இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. இதன் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஏற்ற ஆள்பலத்தை முன்கூட்டியே சேர்க்காத விளைவைத்தான் 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவில் பார்த்தோம். ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தாகின. அரசு சில விதிகளில் தற்காலிக விலக்கு கொடுத்தது, கட்டணத்துக்கு உச்சவரம்பும் வைத்தது. ஓய்வு விதி தேவையானது, களைத்த விமானியை நம்பி 186 பேரை ஏற்றக் கூடாது. முதல் அதிகாரியைக் கேப்டனாக உயர்த்தப் பல மாதப் பயிற்சி வேண்டும். அதைக் கெடுவுக்கு முந்தைய வாரத்தில் தொடங்க முடியாது.

ஸ்லாட் பற்றி ஒரு வரி. சென்னையிலும் மும்பையிலும் இரண்டிரண்டு ஓடுதளம் இருந்தாலும் ஒன்றையொன்று வெட்டுகின்றன, இரண்டையும் தனித்தனியாக ஓட்ட முடியாது. எனவே காலை 6 முதல் 9 வரையிலான நேரம் தங்கம். கிடைத்த ஸ்லாட்டில் 80 சதவீதம் பயன்படுத்தாவிட்டால் அடுத்த பருவத்தில் போய்விடும். 2019 ஏப்ரல் 17-ல் ஜெட் நின்றவுடன் அதன் மும்பை, டெல்லி ஸ்லாட்டுகளை மற்றவர்களுக்குத் தற்காலிகமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அதன் பிறகு அந்த நிறுவனத்தை வாங்க வருபவருக்கு வாங்குவதற்கு என்ன மிச்சம்?

நெல்லை_பயணி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். விமானம் ரத்தானால் நமக்குச் சட்டப்படி என்ன கிடைக்கும்? கவுன்டரில் கேட்டால் சரியாகச் சொல்வதில்லை.

கட்டண_ஏணி:

டிஜிசிஏ விதியை வைத்துச் சொல்கிறேன். ரத்தானால் முழுப் பணம் அல்லது மாற்று விமானம், எது என்று தேர்வு செய்வது நீங்கள். போதிய முன்னறிவிப்பு இல்லாமல் ரத்து செய்தால் அதோடு இழப்பீடும் உண்டு: 1 மணி நேரம் வரையான பயணத்துக்கு 5,000 ரூபாய், 2 மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் குறைவானது கிடைக்கும். வானிலை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற காரணம் என்றால் இழப்பீடு இல்லை, பணம் திரும்பும்.

அதிகப் பதிவு காரணமாக உங்களை ஏற்றாமல் விட்டால், 1 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் கொடுத்தால் இழப்பீடு கிடையாது. 24 மணிக்குள் என்றால் அடிப்படைக் கட்டணத்தின் 200 சதவீதமும் எரிபொருள் கட்டணமும், உச்சம் 10,000. அதற்கும் மேலானால் 400 சதவீதமும் எரிபொருள் கட்டணமும், உச்சம் 20,000. "டிக்கெட் முழுதாக விற்றுவிட்டது, வேறு விமானத்தில் போங்கள்" என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

நீங்களே ரத்து செய்தாலும், விமானத்துக்கு வராமல் நோ-ஷோ ஆனாலும், திரும்பப் பெற முடியாத டிக்கெட்டாகவே இருந்தாலும் பயனர் மேம்பாட்டுக் கட்டணமும் பாதுகாப்புக் கட்டணமும் உங்களுடைய பணம், கேட்டால் தந்தாக வேண்டும். பெரும்பாலானோர் கேட்பதே இல்லை.

சோக்ஸ்_ஆன்:

இன்னொண்ணு. தாமதமாகுமான்னு வீட்லயே தெரிஞ்சுக்கலாம். விமானத் தடமறியும் செயலியில உங்க பயண எண்ணைப் போட்டு, அந்த விமானத்தோட வி.டி.ன்னு தொடங்குற பதிவு எண்ணைப் பாருங்க. அதே பதிவு எண் இதுக்கு முன்னால எந்த ஊர்ல இருந்து வரணும், அங்க கிளம்பிருச்சான்னு பாருங்க. உங்க விமானம் 7 மணிக்கு, அது பெங்களூருல 6 மணிக்கும் கிளம்பலைன்னா, பலகையில என்ன எழுதியிருந்தாலும் 7 மணிக்குப் போகாது. ஆனா அதை நம்பி வீட்ல உட்கார்ந்திடாதீங்க. விமானத்தை மாத்திக் கொடுத்துட்டா சரியான நேரத்துக்குக் கிளம்பிடும், செக்-இன் கவுன்டர் 60 நிமிஷம் முன்னாடியே மூடியிருக்கும்.